அந்த வளைவில் நீங்கள் மிதித்த பிரேக்

என்னங்க, உங்களைத்தான்,

காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடுங்கள். ஊருக்கு வெளியே அந்த யுத்த காலத்து விமான ஓடுதளத்தின் ஓரத்தில், புல்லின் மேல் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. விரல் விறைத்து எழுத்து கோணுகிறது. காரணம் பனிதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிவப்பு ரேஸ் கார் என் கண்ணெதிரே நிற்கிறது. ஆமாம், அதேதான். முகப்பை நிமிர்த்தி, மட்கார்டைத் தட்டி எடுத்து, பெயிண்ட் அடித்து, உங்கள் தம்பி அருள் அதை எழுப்பி நிறுத்திவிட்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதில் ஏறி, நீங்கள் போன அதே வளைவுக்கு அவனும் போகப்போகிறான்.

போன டிசம்பரில் யார் முதலில் ஓட்டுவது என்ற குலுக்கல் சீட்டில் உங்கள் பேர்தான் முதலில் வந்தது. எவ்வளவு குதித்தீர்கள் அன்றைக்கு! இந்த வருஷம் அருளுக்கு முன்னால் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டியாகத் தனியே விட்டு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்க்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டம்மாளிடம் ரேஸுக்குப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இந்த ஊரில் ரேஸ் என்றால் குதிரைதானே? அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஒரு வருஷமாக ஊர் உங்களைப் பற்றி என்ன பேசியது தெரியுமா? நான் உங்களிடம் சொல்லவில்லை. சமாதிக்குப் பூ கொண்டுவரும்போதெல்லாம் எஸ்தரின் படிப்பையும் கூரை ஒழுகலையும் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

வளைவுக்கு முன்னால் உங்கள் டயர் போட்டிருந்த கறுப்புத் தடம் விட்டு விட்டு இருந்தது. கொஞ்சம் கோடு, கொஞ்சம் வெறும் தரை, மறுபடி கோடு. அதைப் பார்த்துவிட்டு மோட்டார் கிளப் காரியதரிசி, அந்த ரிடையர்டு மேஜர், நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டே நாலு பேரிடம் சொன்னார். பிரேக்கை ஒழுங்காக மிதிக்காமல் விட்டு விட்டு விளையாடியிருக்கிறார், காலையிலேயே கொஞ்சம் போட்டுவிட்டு வந்திருப்பார் போல என்று. உள்ளே நீங்கள் பெட்டியில் கிடக்கிறீர்கள். வெளியே உங்கள் மேல் சாராய வாசனையைப் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று காலை நீங்கள் குடித்தது நான் போட்ட காப்பி. அதிலும் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனீர்கள். அந்த டம்ளரைக் கழுவியவள் நான். ஆனால் எழுந்து போய்ச் சொல்ல எனக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை.

குடி இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு ஒன்றுதான் என்னைத் தின்றது. அன்றைக்கு இதே ஓரத்தில் நின்று அந்தச் சத்தத்தை நானும் கேட்டேனே. கிறீச், பிறகு ஒன்றுமில்லை, மறுபடி கிறீச். அறுந்து அறுந்து வந்தது. ஏன் விட்டீர்கள்? நானும் குழந்தையும் உங்களை நம்பி இருக்கும்போது, வேகத்தை விட மனசில்லாமல் காலை எடுத்தீர்களா? ஒரு வருஷம் முழுக்க உங்கள் மேல் கோபமாகவே இருந்தேன். உங்கள் போட்டோவுக்கு மாலை போடும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த எஸ்தர் பையைக்கூடக் கழற்றவில்லை. நேரே என்னிடம் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா குடிச்சிட்டு ஓட்டுனாராமே. பிரேக்கே போடலையாம். நிஜமா?"

இல்லை என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். அவள் உங்கள் பெண், ஒரு கேள்வியோடு விடுவாளா? அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அதே மாதத்தில்தான் அருள் வந்து, டிசம்பரில் அண்ணன் வண்டியை ஓட்டப்போகிறேன் என்று சொன்னான். அண்ணன் பேரைக் காப்பாற்றணுமாம். திட்டினேன், அழுதேன், சோறு போடமாட்டேன் என்றேன். உங்கள் வீட்டு ஆட்களிடம் அதெல்லாம் எடுபடுமா? கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வண்டிக்கு எந்த ஷாக் அப்சார்பர் போடுவது என்பதை நான்தான் முடிவு செய்வேன், அதுவும் என் கண்ணால் பார்த்த பிறகு.

சிரித்தான். பொம்பளைக்கு ஷாக் அப்சார்பரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பான். உங்களோடு எத்தனை சனிக்கிழமை அந்த இரண்டாவது சீட்டில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. ஸ்பிரிங் குதிக்கும், அந்தக் குதியை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர், சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொண்டால்தான் பிரேக்கும் பிடிக்கும், ஸ்டியரிங்கும் கேட்கும். இதை நீங்கள் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியை வைத்து எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையா? சாம்பார் ஆறிப்போனதுதான் மிச்சம் என்று அன்றைக்குச் சிணுங்கினேன்.

சக்கரத்துக்கு ஒன்றாக நாலு நாலு கொண்ட இரண்டு செட் இருந்தது. ஒன்று, வண்டியோடு வந்த பழைய மாடல், உள்ளே எண்ணெய் ஊற்றுவது, பக்கத்தில் கை மாதிரி ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வெள்ளைக்காரத் துரை சுதந்திரத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது வண்டியை உங்களிடம் தள்ளிவிட்டுப் போன நாளிலிருந்து அதுதான் அதில் இருந்தது. இன்னொன்று, கப்பலில் வேலை பார்க்கும் உங்கள் சிநேகிதரிடம் நீங்கள் சொல்லிவைத்திருந்த புது மாடல், நீளக் குழாய் மாதிரி இருப்பது. அடியில் ஒரு திருகு. திருகத் திருக இறுகும். அவர் அதைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுப் படியேறியபோது வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை. நான்தான் வாங்கி உள்ளே வைத்தேன்.

தெருக்கோடி வொர்க்‌ஷாப் ரஹீம் பாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே, என்னை அண்ணி முறை வைத்துப் பாபி என்று கூப்பிடுகிறவர். அவருக்குச் சந்தேகமே கிடையாது. புதுசைப் போடணும், திருகைக் கடைசி வரை இறுக்கணும்.

"பாபி, கல்லு மாதிரி இருந்தாத்தான் வண்டி நிக்கும். மெத்து மெத்துன்னு போறது டாக்டரம்மா வண்டி, ரேஸ் வண்டி இல்லே."

அருளும் அதற்குத் தலையாட்டினான். நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் ஆட்டியிருப்பீர்கள், மறுக்காதீர்கள். பழையதில் ஊற்ற வெளிநாட்டு எண்ணெய் கிடைக்கவில்லை என்று நீங்களும் பாயும் சேர்ந்து விளக்கெண்ணெயை ஊற்றினீர்களே, அதுவும் இதே ஆசையில்தானே? கெட்டியாக இருக்கிறது, வண்டி ஆடவே இல்லை என்று இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டீர்கள். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றியது இந்த மாதத் தொடக்கத்தில். காலையில் எஸ்தருக்குத் தலை வாரத் தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தேன், உறைந்து கிடந்தது. நம் ஊர் டிசம்பர்தானே, எல்லா வீட்டிலும் போல அதைக் கொண்டுபோய் மதில்மேல் வெயில் படும் இடத்தில் வைக்கப் போனேன். அலமாரியில் பக்கத்திலேயே அவள் வயிற்றுக்கு வைத்திருந்த விளக்கெண்ணெய். ஏனோ அதையும் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். உறையவில்லை, ஆனால் வாயை விட்டுக் கீழே இறங்க மனசே இல்லாமல் தொங்கிக்கொண்டு நின்றது. இரண்டையும் மதிலில் வைத்தேன். மத்தியானம் பார்த்தால் இரண்டும் கடகடவென்று ஓடுகிறது.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் வண்டியைச் சோதித்துப் பார்த்ததெல்லாம் எப்போது? சனிக்கிழமை. பாக்டரியில் அன்றைக்கு அரை நாள். சாப்பிட்டுவிட்டு மத்தியான வெயிலில் இங்கே வருவீர்கள். ஒரு தடவையாவது காலையில் ஓட்டிப் பார்த்தீர்களா? பந்தயத்தன்று மட்டும்தான், பனியில், முதல் ஆளாக.

அருளிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு முகம் மாறியது. போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எல்லோரும் இங்கே வந்தோம், பாயும் வந்தார். கேட்டைத் திறந்துவிட அந்த மேஜரே சாவியோடு வந்து நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் பார்த்தால் அவரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வீட்டில் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பையும் மட்டையையும் கொண்டுபோயிருந்தேன். இந்தத் தரைதான் இந்த ஒரு வருஷத்தில் கறுத்துப்போய்த் தடமே தெரியாமல் கிடக்கிறதே. வளைவுக்கு முன்னால், சக்கரம் போகும் இடத்தில், மெலிதாக நீளமாக ஒரு பட்டை அடித்தேன். வீட்டுச் சுவர் இந்த வருஷம் அரைகுறைதான், மன்னியுங்கள்.

முதலில் பழையது, உள்ளே நீங்கள் ஊற்றிய அதே விளக்கெண்ணெய். அருளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பாதி வேகத்துக்கு மேல் போகாதே, பட்டை ஆரம்பிக்கிற இடத்தில் பிரேக்கை மிதி, மிதித்தால் வண்டி நிற்கிற வரை காலை எடுக்காதே, என்ன ஆனாலும் எடுக்காதே.

வந்தான். மிதித்தான். கிறீச், பிறகு ஒன்றுமில்லை, மறுபடி கிறீச்.

அதே சத்தம். ஒரு வருஷமாக என் காதுக்குள் குடியிருந்த சத்தம். கிட்டே போய்ப் பார்த்தோம். வெள்ளைப் பட்டையில் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெறும் வெள்ளை, மறுபடி கறுப்பு. தரையில் கான்கிரீட் பலகைகள் சேருகிற மூட்டு இருக்கிறதே, ஒவ்வொரு மூட்டிலும் சக்கரம் எகிறி, கொஞ்ச தூரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் போயிருக்கிறது. குளிரில் எண்ணெய் இறுகிப்போய் ஸ்பிரிங்கைக் கட்டிப்போட்டுவிட்டது.

அருள் வண்டியிலிருந்து இறங்கவில்லை. கால் இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது.

"எடுக்கல அண்ணி. சத்தியமா எடுக்கல."

மேஜர் குனிந்து வெகுநேரம் அந்தத் தடத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "போன வருஷம் நான் பார்த்ததும் இதேதான்மா" என்றார். வெயில் ஏறிய பிறகு இன்னொரு பட்டை அடித்து, அதே எண்ணெயோடு மறுபடி ஓட்டச் சொன்னேன். கோடு ஏறக்குறையச் சேர்ந்தே வந்தது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஊற்றியது அவரும் நீங்களும் சேர்ந்துதானே. நான் பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக் கொடுத்தேன்.

அப்போதும் வேலை முடியவில்லை. புதுசை மாட்டினோம். பாய் சொன்னபடி கடைசி வரை இறுக்கி ஒரு ஓட்டம். கோடு மறுபடி அறுந்தது. எண்ணெய் கெட்டியானால் என்ன, திருகு இறுகினால் என்ன, சக்கரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு கொஞ்சம் தளர்த்தி ஓட்டினோம், இன்னும் கொஞ்சம் தளர்த்தி ஓட்டினோம். நடுவுக்கும் கீழே வந்த பிறகுதான் ஒரே கோடாக விழுந்தது. வண்டி கொஞ்சம் சாய்கிறது, பார்க்க அழகாக இல்லை. ஆனால் சக்கரம் தரையை விடவே இல்லை. அந்த இடத்தில் ஒவ்வொரு திருகிலும் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தேன், வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி.

இத்தனையும் போன வாரக் கதை. இனி இன்று காலை நடந்தது.

வந்து இறங்கியதிலிருந்து மற்ற வண்டிக்காரர்கள் நம் வண்டியின் மட்கார்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். அது மெத்தென்று இறங்கி ஏறுவதைப் பார்த்து ஒரே சிரிப்பு. பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகலாம் என்றான் ஒருவன். அருள் காது சிவந்து நின்றான். நான் பிளாஸ்கை எடுக்கத் திரும்பியதுதான் தாமதம்.

இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை எழுதிவிட்டு நிமிர்ந்தேன். என்னவோ மனசுக்குச் சரியாகப் படவில்லை. எழுந்து போய் வண்டி பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். பொட்டைக் காணோம். நாலு சக்கரத்திலும் இல்லை. திருகு கடைசி வரை திரும்பி, பொட்டு உள்பக்கம் போயிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. அருள் கையுறையை மாட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"திருப்பு."

"அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். போன வருஷமும் எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. உங்க அண்ணனைத் தூக்கிட்டு வந்தப்போ ஒருத்தனும் சிரிக்கல. திருப்பு, இல்லேன்னா என் மேல ஏத்திட்டுப் போ."

கையுறையைக் கழற்றினான். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மண்டியிட்டான். பாயும் மறுபக்கம் போய் வண்டிக்கு அடியில் படுத்துத் திருகைத் தளர்த்தினார். பொட்டு நாலும் வெளியே பார்க்கிற வரை நான் அசையவில்லை. சிரித்தவர்கள் சிரிக்கட்டும். அவர்கள் வீட்டு அடுப்பில் நான் சமைக்கப் போவதில்லை.

இப்போது அருளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு கோட்டுக்குப் போகிறார்கள். போகும்போது திரும்பி என்னைப் பார்த்தான். அப்படியே உங்கள் பார்வை. திருகு சரிதானா? ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனா? சுண்ணாம்பும் விளக்கெண்ணெயும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறேனா? பாதி வேகத்தில் நின்ற சக்கரம் முழு வேகத்தில் நிற்குமா? சொல்லுங்களேன். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பீர்களே, இப்போது மட்டும் ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள்?

கிளம்பிவிட்டான். பேனாவை வைக்கிறேன்.

என்னங்க, மறுபடி பேனாவை எடுத்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்கத் துணிவில்லை. இன்ஜின் சத்தம் அந்தக் கோடிக்குப் போய், திரும்பி, பெரிதாகிக்கொண்டே வந்தது. வளைவுக்கு முன்னால் சட்டென்று அடங்கியது. அப்புறம் பிரேக். ஒரே கிறீச். நீளமாக, நடுவில் எங்கும் அறாமல், மெல்ல மெல்லத் தேய்ந்து முடிந்தது. முடிந்த இடத்திலிருந்து இன்ஜின் மறுபடி உறுமிக்கொண்டு கிளம்பியது. கண்ணைத் திறந்தபோது உங்கள் வண்டி வளைவைத் தாண்டி நேராக என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

எத்தனையாவது இடம் என்று கேட்காதீர்கள், நான் விசாரிக்கவில்லை. அவன் இறங்கி வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதான். பாய் இரண்டு கையையும் மேலே தூக்கி நின்றார். மேஜர், கூட்டம் கலைவதற்கு முன்னால், நேரம் வாசிக்கிற அந்தக் குழாய் ஒலிபெருக்கியில் உங்கள் பேரைச் சொன்னார். போன வருஷம் தான் சொன்னது தவறு என்றும், தேவசகாயம் கடைசி வரை பிரேக்கை விடவில்லை என்றும், தமிழில் ஒரு தடவை, இந்த ஊர்க்காரர்களுக்காகக் கன்னடத்தில் ஒரு தடவை. வாசலில் நின்று சொன்னதை மைதானத்தில் நின்று திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த மனிதரை நான் இனி ஏசமாட்டேன்.

உங்கள் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நீங்கள் காலை எடுக்கவில்லை. வேகத்துக்காக எங்களை விட்டுப் போகவில்லை. அந்தரத்தில் தொங்குகிற சக்கரத்தின் மேல் உங்கள் பலம் முழுக்க வைத்து மிதித்திருக்கிறீர்கள். ஒரு வருஷம் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டேனே, ராஜா. தனியாக எவ்வளவு பயந்திருப்பீர்கள்?

ஊர் கேட்கும்படிதானே பேசினார்கள், ஊர் படிக்கும்படியே இது வரட்டும். நம் சபைப் பத்திரிகையில் போட்டுத் தரச் சொல்லிப் பாதிரியாரிடம் கொடுக்கப்போகிறேன். ஒரு வரியும் குறைக்கவிட மாட்டேன், ஆராதனைக்கு மட்டம் போட்டதைக்கூட.

எஸ்தர் வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இன்றைக்கு அடுப்பு, பால் என்று எதையும் சொல்லித் தப்பிக்கமாட்டேன். அவளை மடியில் உட்கார வைத்துச் சொல்வேன், இது சத்தியம்: அப்பா பிரேக் போட்டார், கண்ணு. கடைசி வரை போட்டுக்கொண்டேதான் இருந்தார். வீட்டுக்கு வரத்தான் பார்த்தார்.

அந்தப் பாதிக் காப்பியை இன்னும் மறக்காத,
உங்கள் எஸ்தரின் அம்மா,
உங்கள் மரகதம்